பாஸ்போர்ட்டுக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் ஸ்ரீலேகாவைச் சென்னை விமான நிலையத்து வாசலில், ஒரு கையில் பெட்டி, மறு கையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குழந்தை என்று நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், அதற்கப்புறம் அவளுக்கு உட்காரவே நேரம் கிடைக்கவில்லை.

மானாம்பதி வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் மண்டபத்தில் தம்பி விஜயராகவனுக்குக் கல்யாணம். செவ்வாய்க்கிழமை விடியற்காலை தாய்க்கும் குழந்தைக்கும் திரும்ப விமானம். வியாழக்கிழமை இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நர்ஸ் உடுப்போடு அவள் வார்டில் நிற்க வேண்டும். அடுத்த மாதம் அவள் விசாவைப் புதுப்பித்துத் தர வேண்டியவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள். இந்த லீவுக்கே அவர்களிடம் மூன்று தடவை கெஞ்சியிருந்தாள். கணவன் கதிர்வேலுக்கு அங்கே ஒரு கிடங்கில் வேலை. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் அந்த நாட்டில் இருப்பதும் அவளுடைய விசாவைத் தொற்றிக்கொண்டுதான்.

குழந்தைக்கு இரண்டு வயது நாலு மாதம். பெயர் குழலி. இறந்துபோன அம்மா ஏலவார்குழலியின் பெயரில் பாதி. ஸ்ரீலேகாவின் அப்பா நமச்சிவாயம் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'பாப்பா' என்பதோடு சரி. பெண்டாட்டி பெயரை முப்பத்திரண்டு வருஷம் சொல்லாத வாய், பேத்திக்காகத் திறந்துவிடுமா என்ன.

வந்த அன்றைக்கே அவர் கேட்டுவிட்டார். "ரெண்டு பேரும் ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு ஓடிக்கினு கீறீங்க. பாப்பாவ ஒரு ஆறு மாசம் இங்க உட்டுட்டுப் போயேம்மா. நான் பாத்துக்கறேன்."

"அந்தப் பேச்சே வேணாம் நைனா" என்று வெட்டிவிட்டாள். அவர் திரும்பப் பேசவில்லை. பேசாத மனிதர்களைப் பற்றி நாம் எல்லோரும் செய்கிற தப்பையே அவளும் செய்தாள். அவர் அதை மறந்துவிட்டார் என்று நினைத்தாள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

அன்றைக்குக் காலையில் பூவாடைக்காரி படையல். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த வீட்டுப் பெண்ணைப் பம்பை அடித்துக் கூப்பிட்டு, புதுப் புடவை வைத்துப் படைத்து, அவள் உத்தரவு கொடுக்காமல் இந்தப் பக்கத்தில் தாலியைத் தொடமாட்டார்கள். இந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஏலவார்குழலிதான். கூடத்தில் அவள் படத்துக்கு முன்னால் கரகமும், மஞ்சள் நனைத்த புடவையும், மூன்று இலையில் சோறும் கொழுக்கட்டையும் இருந்தன.

குழலி மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை. லீட்ஸின் ராத்திரி இந்த ஊருக்கு எப்போது வரும் என்று கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் போகமாட்டேன் என்று அம்மாவின் தோளைவிட்டு இறங்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத்தான், சொல்லி வைத்தாற்போல, பம்பைக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கண்ணை மூடினாள்.

ஸ்ரீலேகா அறைக் கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தை சிட்டம்மாளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. அவள் நமச்சிவாயத்தின் தங்கை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் சாமி அவள் மேல்தான் வரும். பம்பைச் சத்தத்தை மீறி அவள் குரல் அறைக்குள் கேட்டது.

"எம் பேத்தி எங்க. எம் பேத்திய இன்னும் கண்ணுல காட்டலியே நீங்க."

கதவு கொஞ்சம் திறந்தது. நமச்சிவாயம் தலையை மட்டும் நீட்டினார். நெற்றி நிறைய விபூதி.

"லேகா. பாப்பாவ ஒரு நிமிசம் தூக்கினு வாம்மா."

"இப்பத்தான் நைனா தூங்குச்சு. அந்தச் சத்தத்துல தூக்கினு வந்தா பயந்துக்கும்."

"உங்கம்மா கேக்குறாம்மா."

"அத்த கேக்குறாங்க" என்றாள் ஸ்ரீலேகா.

சொன்ன பிறகு, இவ்வளவு சுருக்கென்று சொல்லியிருக்க வேண்டாமே என்று அவளுக்கே பட்டது. கதவு மூடிக்கொண்டது. குழந்தை பக்கத்தில் சாய்ந்தவள், மூன்று நாள் அலுப்பில், பம்பைச் சத்தத்திலேயே தூங்கிப் போனாள்.

எழுந்தபோது பன்னிரண்டரை. படையல் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. பூவாடைக்காரி உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று எல்லோர் முகமும் மலர்ந்திருந்தது. குழந்தைக்கு அறையிலேயே ரசம்சோறு ஊட்டினாள். நமச்சிவாயம் இரண்டு தடவை வாசற்படி வரை வந்து நின்றார்.

"இன்னா நைனா?"

"ஒண்ணுமில்லமா. துன்னுதான்னு பாத்தேன்."

போய்விட்டார்.

மூன்றரை மணிக்குக் கதிர்வேல் போன் செய்தான். விமானக் கம்பெனிக்காரன் பாப்பாவின் பாஸ்போர்ட் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்கிறானாம், முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றான். ஸ்ரீலேகா கூடத்து பீரோவின் மேலிருந்த தன் கைப்பையை இறக்கினாள்.

ஜிப்பைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தது.

மூன்று பாஸ்போர்ட் உறைகளில் அவளுடையது நன்றாக இருந்தது. பழைய காலாவதியான ஒன்றும் நன்றாக இருந்தது. குழந்தையுடையதை இழுத்தாள். அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள். உள்ளே விரல் வைத்துப் பிரித்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரசரத்தன. கடைசியில் படம் இருக்கிற பக்கம் வந்தது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் வெளுத்துப்போய் ஓரத்தில் கிளம்பி நின்றது. அதற்கடியில் பெயரும் நம்பரும் ஊறிப் பரவியிருந்தன. பிறந்து பத்தொன்பதாம் நாள் எடுத்த குழந்தைப் படத்தில் முகம் பாதி மறைந்து, நெற்றி இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கறை இருந்தது.

"படம் வரலியே" என்றான் கதிர்வேல் போனில்.

"அஞ்சு நிமிசத்துல பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

விஜயராகவன் ஓடி வந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, காலையில் வைத்த மஞ்சள் காதோரம் காய்ந்து கிடந்தது. "ஐயோ இன்னாக்கா இது" என்றவன், அதற்கு மேல் எதுவும் கேட்காமல் போனை எடுத்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் வேதகிரி அவனோடு படித்தவன். பாதி தாலுகாவுக்குப் பாஸ்போர்ட் எழுதிக் கொடுக்கிற ஆள்.

போனை ஸ்பீக்கரில் போட்டான். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வேதகிரி பேசினான்.

"இத எடுத்துக்கினு ஏர்போர்ட் போனீங்கன்னா கவுன்ட்டர்லயே நிறுத்திடுவான். புதுசுதான் எடுக்கணும். தட்கல்ல போடலாம். ஆனா மச்சான், இன்னிக்கி வெள்ளி. இனிமே திங்கக்கியமதான் ஆபீசு. அப்பாயின்ட்மென்ட்டு, பிரிண்டு, தபாலு எல்லாம் முடிஞ்சு கைக்கு வர வியாயனாவது ஆவும். அதுக்கப்பறம் அந்த ஊர் விசால புது நம்பர ஏத்தணும். அது எத்தினி நாளோ."

"செவ்வாக்கெழம பிளைட்டுடா."

"காலையிலயே சொல்லியிருந்தா கதையே வேற. பத்தர மணிக்கு ரெண்டு ஸ்லாட்டு காலியா கீதுன்னு நானே பாத்தேன். மத்தியானம் சென்னையில போய் நின்னிருக்கலாம். திங்கக்கியம சாயங்காலம் கையில வாங்கி, ராவோட ராவா விசாலயும் நம்பர ஏத்தப் பாத்திருக்கலாம்."

போனை வைத்த பிறகு, சிட்டம்மாள்தான் மெல்ல வாயைத் திறந்தாள். சாமி இறங்கினால் அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. மற்றவர்கள் சொன்னதைத்தான் சொன்னாள்.

"பேத்திய காட்டு, பேத்திய காட்டுன்னு நான் வுடவே இல்லியாம். கொயந்த தூங்கிக்கினு கீதுன்னு சொல்லியும் கேக்கலியாம். அப்பத்தான் உங்க நைனா அந்த புக்க எடுத்தாந்து, படத்த தொறந்து படையல்ல வெச்சாராம். நான் அத எடுத்து நெஞ்சுல வெச்சுக்கினு அயுதேனாம். அப்பறந்தான் உத்தரவு குடுத்தேனாம். எனக்கு இன்னா தெரியும் கண்ணு."

அவள் உள்ளங்கையில் இன்னமும் மஞ்சளும் குங்குமமும் ஏறியிருந்தது. அவளைக் கோபித்து என்ன பயன்.

ஸ்ரீலேகா அறைக்குள் போய்க் கதிர்வேலைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"லேகா, நான் சொல்றத கோச்சுக்காம கேளு. வியாயக்கெழம நீ வார்டுல இல்லன்னா அவங்க ரின்யூ பண்ணமாட்டாங்க. போன மாசம் அந்த கேரளாப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு, நீதான சொன்ன. நீ போனா நானும் போனேன்."

"அதுக்கு?"

"பாப்பாவ மாமாகிட்ட வுட்டுட்டு நீ மட்டும் வா. பாஸ்போர்ட்டு வந்ததும் நான் வந்து கூட்டியாறேன். இன்னா, ஒரு மாசம் ஆவுமா? மிஞ்சிப்போனா ரெண்டு மாசம். பாப்பா டிக்கெட்ட மட்டும் தள்ளிப்போட சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டயம் கீது. சொல்லு."

ரெண்டு மாசம். கட்டிலில் குழலி எழுந்து உட்கார்ந்து, தலைகீழாகப் பிடித்த கொழுக்கட்டையிலிருந்து பூரணத்தை மட்டும் நோண்டித் தின்றுகொண்டிருந்தாள். இராத்திரி விழித்தால் பக்கத்தில் கையை நீட்டி, அம்மாவின் காது மடலைத் தேடிப் பிடித்துக்கொண்டுதான் திரும்பத் தூங்குகிற குழந்தை. அந்தக் கை ரெண்டு மாசம் எதைத் தேடும்?

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. 'பாப்பாவ ஒரு ஆறு மாசம் இங்க உட்டுட்டுப் போயேம்மா.'

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனாள்.

நமச்சிவாயம் தறிக்கொட்டகையில் இருந்தார். கல்யாண வீடு என்பதால் தறி நாலு நாளாக ஓடவில்லை. கையில் வேலை இல்லாமல் தறிப்பலகையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். வேட்டி முனையில் மஞ்சள் கறை இருந்தது.

ஸ்ரீலேகா பாஸ்போர்ட்டைப் பலகைமேல் வைத்தாள்.

"பாத்துட்டியா" என்றார்.

"பெட்ரோல் யார் ஊத்துனது?"

"ஊத்தல. பஞ்சுல தொட்டு எடுத்தேன். பட்டுல குங்குமம் பட்டா அப்படித்தான எடுப்போம். எத்தினி பொடவ எடுத்திருப்பேன், ஒரு இழை கெட்டதில்ல. தம்பி வண்டியிலருந்து கொஞ்சம் புடிச்சாந்தேன். பொட்டு போச்சு. அப்பறம் பாத்தா எழுத்தும் சேந்து வருது."

"பாஸ்போர்ட்டுல யாராவது பொட்டு வைப்பாங்களா நைனா?"

அவர் பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பூவாடைக்காரி முன்னாடி பொண்ணு கொயந்தைய வெறும் நெத்தியோட வெக்கக் கூடாதும்மா."

ஸ்ரீலேகாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அத்த ஆடுனா ஆடிட்டுப் போறாங்க. அதுக்குக் கொழந்த பாஸ்போர்ட்டா கெடச்சுது? போன்ல ஆயிரம் படம் கீது. ஒண்ண காட்டக் கூடாதா?"

"வேற படத்த காட்டி இன்னா செய்ய." நமச்சிவாயம் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். "உங்கம்மா ஆசுபத்திரியில கெடக்கச் சொல்ல, தெனம் என்னிய இது ஒண்ணுதான் கேட்டா. கொயந்தைக்கு பாஸ்போர்ட்டு வந்துடுச்சான்னு. நீ போன்ல சொல்லுவ, அடுத்த வாரம் வந்துடும்மா, வந்ததும் கெளம்பிடறேன்னு. நானும் போய் சொல்லுவேன், அடுத்த வாரமாம்னு. கடைசி நாளும் கேட்டா. இன்னிக்கி அவ வந்து பேத்தி எங்கன்னு கேக்கறா. பாஸ்போர்ட்டு வந்துடுச்சு பாருன்னு காட்டினேன். வேற இன்னா சொல்லுவேன்."

ஸ்ரீலேகா தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் குழந்தையை வெள்ளைத் துணியில் கிடத்தி, தலை நிற்காமல் அவளும் கதிர்வேலும் நாற்பது தடவை எடுத்த படம் அது. அம்மாவைப் பார்ப்பதற்காகவே எழுதிப் போட்ட பாஸ்போர்ட். அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்த அன்று தபாலில் வந்தது. குழந்தையைக் கதிர்வேலிடம் விட்டுவிட்டு ஒற்றையாக வந்திருக்கலாம். வரவில்லை. பால் குடிக்கிற குழந்தையை விட முடியவில்லை.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

கோபம் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதி மட்டும் ஓர் இடத்தில் முள்ளாக நின்றது.

"சரி நைனா. பொட்டு வெச்சீங்க. கறையும் எடுத்தீங்க. எல்லாம் எத்தன மணிக்கு?"

"பத்தே கால் இருக்கும்."

"நான் பாத்தது மூணர மணிக்கு. நடுவுல ரெண்டு வாட்டி வந்து நின்னீங்களே, ஏன் சொல்லல? காய்ஞ்சா சரியாயிடும்னு நெனச்சீங்களா?"

ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவளே பதிலை எடுத்துக் கையில் கொடுத்திருந்தாள். வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பார். ஆனால் நமச்சிவாயத்துக்கு இந்த வயதில் பொய் பழக்கமில்லை.

"இல்ல. கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சுது. சொல்லத்தான் வந்தேன். நீ சோறு ஊட்டிக்கினு இருந்த. அது வாய தொறந்து தொறந்து வாங்கிச்சு. சாயங்காலம் வரைக்கும் சொல்லலன்னா இன்னா ஆவும்னு ஒரு நெனப்பு வந்துச்சு." குரல் தாழ்ந்தது. "பொட்டு வெச்சது தெரியாமத்தாம்மா. சொல்லாம இருந்தது தெரிஞ்சுதான்."

வாசலில் பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க இன்னிக்கி மறுபடி கேட்டிருந்தாலும் நான் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் ஸ்ரீலேகா.

"அது தெரியும்."

"முடியாதுன்னு சொல்ற உரிமையாவது எனக்கு இருந்திருக்கும் நைனா."

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். நடையிலேயே நின்று கதிர்வேலுக்கு எழுதினாள். 'அம்மா சாவுக்கே பாப்பாவை விட்டுட்டு வரலை. வேலைக்கு விட்டுட்டு வருவேனா? ரெண்டு டிக்கெட்டையும் தள்ளிப் போடு.' அனுப்பினாள். படித்துவிட்டான் என்று காட்டியது. பதில் வரவில்லை.

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. மூன்று வருஷமாகக் கட்டியதை மூன்று வரியில் தள்ளிவிட்டோமோ என்று அனுப்பியதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஐந்தரைக்கு நலங்கு. அக்காள்காரிதான் முதலில் வைக்க வேண்டும். விஜயராகவன் மணையில் உட்கார்ந்து, "நீ வேணாம்னா அத்த வெக்கட்டும்க்கா" என்றான். "வாய மூடினு உக்காரு" என்றாள். அழுத முகம் தெரியாமல் இருக்க நன்றாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். எதிரே சுவரில் அம்மா. அந்தப் படத்து நெற்றியிலும் அப்பா காலையில் வைத்த பொட்டு அழியாமல் இருந்தது. இரண்டு கையாலும் மஞ்சளைக் குழைத்துத் தம்பியின் கன்னத்தில் வைத்தாள்.

குழலி ஸ்ரீலேகாவின் செல்போனை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் நடந்தாள். மூன்று நாளாக யாரிடமும் போகாத குழந்தை, தூணோரம் தனியாக உட்கார்ந்திருந்த நமச்சிவாயத்தின் மடியில் போய், தன் இடம்போல ஏறி உட்கார்ந்தது. அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள் ஸ்ரீலேகா. அவரை அந்த மாதிரிப் பார்த்த பிறகு சொல்ல வரவில்லை.

போன் ஒலித்தது. கதிர்வேலின் பதில். ஸ்ரீலேகாவின் முழங்கை வரை மஞ்சள்.

நமச்சிவாயம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, குழந்தையின் கைக்குள் இருந்த திரையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் முகம் மாறியது.

"இன்னா நைனா, இன்னா எழுதிக்கீறாரு?"

அவர் போனைக் குழந்தையின் கையிலிருந்து மெல்ல வாங்கி, கவிழ்த்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லமா" என்றார். "நீ நலங்க வெச்சு முடி."